இணையத்தில் விற்கும் ஈஎஸ்ஏ லெட்டர்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

அமெரிக்காவில் நாயோடு வாடகை வீடு தேடிப் போனால் லீசிங் ஆபீசில் பெரும்பாலும் மூன்று தொகை சொல்வார்கள். திரும்பி வராத பெட் ஃபீ, காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் தரும் பெட் டெபாசிட், மாதாமாதம் பெட் ரென்ட். ஃபீ 300 டாலர், ரென்ட் மாதம் 35 டாலர் என்று வைத்தாலே முதல் வருடத்தில் 720 டாலர் போய்விடும். அதோடு 50 பவுண்டுக்கு மேல் கூடாது, பிட்புல் கூடாது, ராட்வைலர் கூடாது என்று ஒரு பட்டியலும் நீட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து "24 மணி நேரத்தில் ஈஎஸ்ஏ லெட்டர், 149 டாலர் மட்டுமே" என்று ஒரு விளம்பரம் போனில் வந்து நிற்கும். பெட் ரென்ட் இல்லை, எடைக் கட்டுப்பாடு இல்லை, இனக் கட்டுப்பாடு இல்லை. கணக்குப் போட்டால் லாபம் மாதிரிதான் தெரியும்.

ஈஎஸ்ஏ என்றால் எமோஷனல் சப்போர்ட் அனிமல். மனநலச் சிக்கல் உள்ளவருக்குத் துணையாக இருந்து அந்தச் சிரமத்தைக் குறைக்கும் விலங்கு. அதற்கான லெட்டரை விற்கும் சேவைகள் எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மூன்று வகை. பெயரைப் பார்த்து நம்புவதைவிட வகையைப் பார்த்துப் பிரிப்பது நல்லது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாயைப் பதிவு செய்து எண்ணும் அட்டையும் விற்கும் ரெஜிஸ்ட்ரி தளங்களுக்கு ஒரு டாலரும் தர வேண்டாம். கேள்வித்தாள் நிரப்பினால் அன்றைக்கே லெட்டர் அனுப்பும் தளங்களும் வேண்டாம். உங்கள் மாநில லைசென்ஸ் உள்ள தெரபிஸ்ட்டோடு வீடியோவில் பேசவைத்து, லெட்டருக்குப் பிறகும் சிகிச்சையைத் தொடரும் சேவை என்றால் யோசிக்கலாம். ஏற்கெனவே ஒரு தெரபிஸ்ட்டையோ டாக்டரையோ பார்த்துக்கொண்டிருந்தால் இவை எதுவுமே தேவையில்லை. அவரிடமே கேளுங்கள்.

லெட்டர் வேலை செய்வது ஃபேர் ஹவுசிங் ஆக்ட் என்ற சட்டத்தின் பலத்தில். 1968-இல் வந்த சட்டம். உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கான பாதுகாப்பு 1988 திருத்தத்தில் சேர்ந்தது. குறைபாடு உள்ளவர் மற்றவர்களைப் போல அந்த வீட்டில் வாழ ஒரு விதியைத் தளர்த்த வேண்டும் என்றால், நியாயமான அளவுக்குத் தளர்த்திக் கொடுக்க வேண்டியது வீட்டு உரிமையாளரின் கடமை. இதற்கு ரீசனபிள் அக்காமடேஷன் என்று பெயர். "நாய் கூடாது" என்பதும் ஒரு விதி. அதைத் தளர்த்தும்போது அந்த நாய் சட்டத்தின் கண்ணில் செல்லப்பிராணிக் கணக்கில் வராது. அதனால்தான் பெட் ஃபீ, பெட் டெபாசிட், பெட் ரென்ட் மூன்றும் வாங்கக்கூடாது. இனமும் எடையும் மட்டுமே காரணமாக மறுக்கக்கூடாது. அந்தக் குறிப்பிட்ட நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் அது வேறு விஷயம்.

இதில் இரண்டு படி உண்டு. பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒன்று, வாழ்க்கையின் முக்கியமான செயல் ஒன்றைக் கணிசமாக முடக்கும் குறைபாடு இருக்க வேண்டும்: தூங்குவது, வேலையில் கவனம் வைப்பது, ஆட்களோடு பழகுவது போன்றவை. இரண்டு, அந்த விலங்கு அந்தச் சிரமத்தைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு இருந்தால்தான் சட்டம் பேசும். ஊரை விட்டு வந்து தனியாக இருக்கிறோம், நாய் இருந்தால் மனசுக்கு ஆறுதல் என்பது உண்மையான தேவைதான். ஆனால் இந்தச் சட்டம் அதற்காக எழுதப்பட்டது கிடையாது.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். நான்கு வீடு வரை உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் மத்திய சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. தனி வீட்டை புரோக்கர் இல்லாமல் நேரடியாக வாடகைக்கு விடும் சில உரிமையாளர்களும் விலக்கில் வருவார்கள். தெரிந்த குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்ட்டிலோ மாடியிலோ வாடகைக்கு இருப்பவர்கள் லெட்டருக்குச் செலவழிக்கும் முன்பு இதைப் பார்க்க வேண்டும். சில மாநிலச் சட்டங்கள் இதைவிட அதிகப் பாதுகாப்பு தரும். அதையும் தேடிப் பாருங்கள்.

இப்போது சேவைகளுக்கு வருவோம்.

ரெஜிஸ்ட்ரி தளம் என்பது உங்கள் நாயின் பெயரையும் படத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு எண், ஒரு அடையாள அட்டை, ஒரு சான்றிதழ், நாய்க்கு மாட்டும் சிவப்பு வெஸ்ட் எல்லாம் அனுப்பும் கடை. அமெரிக்காவில் ஈஎஸ்ஏ-வுக்கோ, குறைபாடு உள்ளவருக்கு உதவப் பயிற்சி பெற்ற சர்வீஸ் டாகுக்கோ அரசு நடத்தும் தேசியப் பதிவேடு கிடையாது. அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. லீசிங் ஆபீசில் அனுபவம் உள்ளவர்கள் அந்த அட்டையைப் பார்த்ததுமே சந்தேகப்படத் தொடங்குவார்கள். உண்மையான லெட்டரோடு சேர்த்து அதையும் நீட்டினால் நல்ல லெட்டரின் மதிப்பும் கெடும். இந்த வகைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

அடுத்தது கேள்வித்தாள் தளம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். 15, 20 கேள்விகள் இருக்கும். "கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக உணர்ந்தீர்களா" என்பது மாதிரி. எப்படிப் பதில் சொன்னாலும் கடைசித் திரையில் "நீங்கள் தகுதியானவர்" என்று வந்தால் அங்கேயே தளத்தை மூடிவிடலாம். அப்படி வரும் லெட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிறுவனத்தின் லோகோ, கீழே தங்க நிறத்தில் ஒரு முத்திரை. பணம் கட்டிய தேதியே லெட்டரின் தேதி. குடியிருப்பவர் நியூஜெர்சியில், கையெழுத்துப் போட்டவரின் லைசென்ஸ் ஃப்ளோரிடாவில். தொடர்புக்குக் கொடுத்திருக்கும் எண் தெரபிஸ்ட்டுடையது இல்லை, நிறுவனத்தின் கால் சென்டருடையது. நடுவில் ஒரு வரி: "இந்த விலங்கு வீட்டிலும் விமானத்திலும் உடன் இருக்கலாம்." விமானங்கள் ஈஎஸ்ஏ-வை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் 2021 ஜனவரி 11-ஆம் தேதியோடு போய்விட்டது. அந்த வரி இன்னும் இருக்கிறது என்றால், பழைய படிவத்தில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள் என்று லெட்டரே சொல்லிவிடுகிறது.

அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட், 2020 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் கட்டிக் கேள்விக்குப் பதில் சொன்ன யாருக்கும் லெட்டர் தரும் தளங்களின் காகிதம், வெளியே தெரியாத குறைபாட்டை நிரூபிக்கத் தன்னளவில் போதாது என்று அதில் சொன்னது. அதே வழிகாட்டுதல், லைசென்ஸ் உள்ளவர்கள் இணைய வழியே முறையாகச் சிகிச்சை தருவதையும் ஏற்றுக்கொண்டது. நோயாளியைப் பற்றி அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல். அந்த வழிகாட்டுதலை ஹட் 2025-இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் லெட்டர் எழுதியவருக்கு நோயாளியைத் தெரியுமா என்ற கேள்வியை எந்த உரிமையாளரும் எந்த நீதிமன்றமும் கேட்கத்தான் செய்யும்.

மாநிலங்கள் இன்னும் இறுக்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல், துணை நாய்க்கு லெட்டர் தருபவர் குறைந்தது 30 நாளாவது அந்த நபருக்குச் சிகிச்சை உறவில் இருந்திருக்க வேண்டும். முறையான பரிசோதனை நடந்திருக்க வேண்டும். லைசென்ஸ் எண், வகை, மாநிலம், அமலுக்கு வந்த தேதி லெட்டரில் இருக்க வேண்டும். அயோவா, ஆர்கன்ஸா, லூசியானா, மொன்டானாவிலும் இதே 30 நாள் விதி உண்டு. இந்த மாநிலங்களில் "ஒரே நாளில் லெட்டர்" என்று சொல்பவர் சட்டத்துக்குப் புறம்பானதை விற்கிறார். ஃப்ளோரிடாவில் பொய்யான ஆவணம் காட்டி ஈஎஸ்ஏ என்று கோருவது 2020 முதல் குற்றம். விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். மாதம் 35 டாலர் மிச்சப்படுத்தப் போய் ஒரு குற்ற வழக்கை இழுத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

மூன்றாவது வகை, டெலிஹெல்த் தெரபி, அதாவது வீடியோ வழியே சிகிச்சை. இதில் நல்லதும் உண்டு. பணம் கட்டும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தெரபிஸ்ட்டின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் முன்கூட்டியே தருவார்களா? வீடியோ சந்திப்பு எத்தனை, எவ்வளவு நேரம்? தகுதி இல்லை என்று தெரபிஸ்ட் சொன்னால் பணம் என்ன ஆகும்? லீசிங் ஆபீசிலிருந்து சரிபார்க்கக் கேட்டால் பதில் சொல்வது யார்? கடைசிக் கேள்விக்கு "எங்கள் வெரிஃபிகேஷன் டீம்" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். தெரபிஸ்ட்டே, உங்கள் சம்மதக் கையெழுத்தோடு, பதில் சொல்ல வேண்டும்.

லைசென்ஸைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் லைசென்சிங் போர்டு தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கலிஃபோர்னியாவில் நுகர்வோர் விவகாரத் துறையின் தளத்தில் ஒரே தேடலில் சைக்காலஜிஸ்ட், எல்சிஎஸ்டபிள்யூ (கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர்), எல்எம்எஃப்டி (மண, குடும்ப தெரபிஸ்ட்) எல்லாம் வரும். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். என்பிஐ எண்ணைக் காட்டி லைசென்ஸ் என்று சொல்வார்கள். அது இன்ஷூரன்ஸ் பில்லுக்கான அடையாள எண். சிகிச்சை தரும் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மறைமுகச் செலவுகள் மூன்று. இரண்டாவது விலங்குக்குத் தனிக் கட்டணம், வெஸ்ட்டும் அட்டையும் சேர்த்த "பேக்கேஜ்", வருடா வருடம் தானாகக் கார்டில் கழியும் புதுப்பிப்பு. லெட்டர் ஒரு வருடத்தில் காலாவதியாகும் என்று மத்திய சட்டத்தில் எங்கும் இல்லை. வேறு வீட்டுக்கு மாறும்போது புது உரிமையாளர் பழைய தேதியைப் பார்த்துத் தயங்கலாம், அப்போது புதிதாக வாங்குவது நடைமுறைக்கு நல்லது. மற்றபடி தானியங்கிப் புதுப்பிப்பை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். "பணம் திரும்பத் தருவோம்" என்ற உறுதிமொழியின் நிபந்தனைகளையும் படியுங்கள். உரிமையாளர் எழுத்தில் மறுத்திருந்தால் மட்டும், அதுவும் குறிப்பிட்ட நாளுக்குள் என்று இருந்தால், பேச்சு வாக்கில் மறுத்தால் ஒரு டாலரும் வராது.

இதைவிட மலிவான வழி பெரும்பாலான ஐடி ஊழியர்கள் கையிலேயே இருக்கிறது. கம்பெனி இன்ஷூரன்ஸில் நெட்வொர்க் தெரபிஸ்ட்டைப் பார்த்தால் பல திட்டங்களில் கோபே, அதாவது ஒவ்வொரு சந்திப்புக்கும் உங்கள் பங்குத் தொகை, மட்டும்தான். சில கம்பெனிகளில் ஊழியர் உதவித் திட்டத்தில் முதல் சில சந்திப்புகள் இலவசம். ஆனால் அந்தத் திட்டத்து ஆலோசகர்கள் லெட்டர் எழுதுவதில்லை என்ற கொள்கை வைத்திருக்கலாம், முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். மன அழுத்தத்துக்கு மருந்து எழுதித் தரும் குடும்ப டாக்டர்கூட லெட்டர் தரலாம்.

நல்ல லெட்டர் எட்டுப் பத்து வரிதான் இருக்கும். தெரபிஸ்ட்டின் சொந்த லெட்டர்ஹெட், உங்கள் பெயர், எப்போதிலிருந்து சிகிச்சையில் இருக்கிறீர்கள், சட்டம் சொல்லும் பொருளில் குறைபாடு உண்டு என்ற ஒரு வரி, எந்த வகை விலங்கு, அது எப்படி உதவுகிறது என்று ஒரு வரி, லைசென்ஸ் விவரம், கையெழுத்து, தேதி. நோயின் பெயர் வேண்டாம். மருந்துப் பட்டியல் வேண்டாம். உரிமையாளருக்கு அதைக் கேட்க உரிமை இல்லை.

கொடுக்கும் முறை. போனில் சொன்னாலும் சட்டப்படி கோரிக்கைதான், ஆனால் ஈமெயிலில் அனுப்புங்கள். தேதி பதிவாகும். உங்கள் பெயர், வீட்டு எண், ஃபேர் ஹவுசிங் சட்டப்படி விதியைத் தளர்த்தக் கேட்கிறேன் என்ற ஒரு வாக்கியம், விலங்கின் வகை, இணைப்பில் லெட்டர். இவ்வளவு போதும். லீஸ் கையெழுத்தான பிறகும் கேட்கலாம். திருட்டுத்தனமாக நாய் வைத்திருந்து, காலி செய்யச் சொன்ன மறுநாள் லெட்டர் கொண்டுவந்தால் சட்டம் தடுக்காது, ஆனால் நம்புவது கஷ்டம். பத்து நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம் என்பது ஹட் அப்போது சொன்ன அளவு.

பெரிய அப்பார்ட்மென்ட் நிறுவனங்கள் விலங்குகளைப் பற்றிய விவரத்துக்கு வேறொரு நிறுவனத்தின் போர்ட்டலை வைத்திருக்கும். முதல் திரையில் "வீட்டு விலங்கு", "உதவி விலங்கு", "விலங்கு இல்லை" என்பது மாதிரி தேர்வுகள் வரும். அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் வருடக் கட்டணம் போகும், பில்லில் பெட் ரென்ட்டும் ஏறும். உதவி விலங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் போர்ட்டல் தெரபிஸ்ட்டுக்குத் தன் சொந்தப் படிவத்தை அனுப்பி நிரப்பச் சொல்லும். பல தெரபிஸ்ட்கள் நிரப்ப மாட்டார்கள். குறிப்பிட்ட படிவத்தில்தான் வர வேண்டும் என்றோ நோட்டரி கையெழுத்து வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தக்கூடாது என்பது ஹட் சொன்னது. லெட்டரே போதும் என்று மரியாதையாக எழுதுங்கள்.

இவ்வளவு சண்டை ஏன் என்றால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உரிமையாளருக்குக் கார்ப்பெட்டும் இன்ஷூரன்ஸும் கவலை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒவ்வாமை. அயோவா உச்ச நீதிமன்றத்தில் 2020-இல் அப்படி ஒரு வழக்கு வந்தது. நாய் கூடாது என்று லீஸில் இருந்ததால் அந்தக் கட்டடத்துக்கு வந்தவர் ஒருவர், கடும் ஒவ்வாமை உள்ளவர். பிறகு வந்தவருக்கு ஈஎஸ்ஏ நாய் வைக்க உரிமையாளர் அனுமதித்தார், ஒவ்வாமைக்காகக் காற்றுச் சுத்திகரிப்பானும் தந்தார், அது போதவில்லை. முதலில் குடிவந்தவர் பக்கம் தீர்ப்பானது. நாய் கூடாது என்ற கட்டடத்தைத் தேடிப் போய் வாழ்கிறவர்களின் தேவையும் உடல்நலத் தேவைதான். எங்கள் பார்வையில் அந்தத் தீர்ப்பு சரி.

தெரபிஸ்ட்களிடமும் கருத்து வேறுபாடு உண்டு. சிகிச்சை தருபவர் நோயாளியின் பக்கம் நிற்பவர். சான்று தருபவர் நடுநிலையில் நிற்க வேண்டியவர். இரண்டையும் ஒருவரே செய்யக்கூடாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. நோயாளியை அறிந்தவர் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று மறு தரப்பு கேட்கிறது. இரண்டாவது தரப்பின் கேள்விக்கு இதுவரை நல்ல பதில் வரவில்லை என்பதுதான் எங்கள் கருத்து. இரவில் பயத்தில் விழித்துக்கொள்பவருக்குக் கால்மாட்டில் நாய் இருப்பதால் மறுபடி தூக்கம் வருகிறது என்றால், அதை அறிந்து எழுதக்கூடியவர் மாதக்கணக்கில் அவரோடு பேசிய தெரபிஸ்ட்தான். 149 டாலர் லெட்டர்கள் பெருகப் பெருக, லீசிங் ஆபீசில் அந்த மனிதரின் உண்மையான லெட்டரையும் சந்தேகத்தோடு புரட்டுகிறார்கள். விலை கொடுப்பவர் அவர்.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். பல்கலைக்கழக விடுதிக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டம் பொருந்தும் என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2013-இல் நீதிமன்றம் சொன்னது. விடுதி அலுவலகத்துக்கு முன்பு மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்துக்குப் போங்கள், செமஸ்டர் தொடங்குவதற்கு நிறைய நாள் முன்னதாக. கடை, உணவகம், விமானம் எதற்கும் ஈஎஸ்ஏ லெட்டர் உதவாது. அங்கே பயிற்சி பெற்ற சர்வீஸ் டாகுக்குத்தான் இடம்.

தகுதி இல்லை என்று தெரிந்தால் பெட் ரென்ட் கட்டிவிடுங்கள், அதில் பேரம் பேச இடம் உண்டு. ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, கருத்தடைச் சான்று, முந்தைய உரிமையாளரின் ஒரு வரிக் கடிதம், நாய்க்கடிப் பொறுப்பையும் சேர்த்த ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ், நான்கையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிட்டு ஃபீயைக் குறைக்கக் கேளுங்கள். குளிர்காலத்தில், வீடு காலியாக நிற்கும் மாதங்களில், இணங்கி வருவார்கள். இன்ஷூரன்ஸில் உங்கள் நாயின் இனம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் மொத்த டெபாசிட்டே பெரும்பாலான உரிமையாளர்களுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. பெட் டெபாசிட்டும் அதற்குள் அடக்கம். நியூயார்க் நகரில், பல குடித்தனக் கட்டடத்தில் நாயை வெளிப்படையாக வைத்திருந்து, உரிமையாளர் தெரிந்தும் மூன்று மாதம் வழக்குப் போடாமல் விட்டால் "நாய் கூடாது" என்ற விதியை அவர் பிறகு நீட்ட முடியாது.

உண்மையான லெட்டர் இருந்தும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஹட்டில் புகார் கொடுக்க ஒரு வருடம், நீதிமன்றம் போக இரண்டு வருடம் அவகாசம். புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஈமெயில்கள், லெட்டர், பெட் ரென்ட் ஏறிய பில் மூன்றையும் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள். குடிவந்த அன்றே தரை, கதவு நிலை, திரை, கார்ப்பெட் ஓரம் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். பெட் டெபாசிட் இல்லை என்பதால் சேதத்துக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகாது. நாய் கீறிய கதவுக்கான செலவை மற்றவர்களிடம் வாங்குவது போல உங்கள் பொது டெபாசிட்டிலிருந்தும் அவர்கள் கழிக்கலாம்.